பதினாலாம் பங்கு

செத்த ராசாக்களில் ஜெனாட்டுக்கு ஒருநாளும் பெரிய மரியாதை இருந்ததில்லை. உயிரோடு இருக்கிற முதலாளிமாரைச் சமாளிக்கவே அவளுக்கு நேரம் காணாது. இதற்குள் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தி மண்டையைப் போட்ட யப்பானிய ராசா எங்கே வந்து நுழைவது? ஆனால் நுழைந்தார். அதுவும் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு சமூக நிலையத்துப் புல்வெளியில் வந்து நுழைந்தார்.

ஜெனாட் மன்னார் பேசாலைக்காரி. வயது நாற்பத்தாறு. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக மண்ணோடும் கல்லோடும்தான் சீவியம். புளியடிமுனைக் கிறிஸ்துநாயகத்தின் லாண்ட்ஸ்கேப்பிங் கம்பனியில் புல் வெட்டத் தொடங்கி, கல் பதித்து, சுவர் கட்டி, மாரியில் பனி தள்ளி, செய்யாத வேலை இல்லை. ஒரேயொன்றைத்தான் செய்ததில்லை: ஆட்களை நடத்துகிற ஃபோமன் வேலை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு ஆம்பிளை ஃபோமனாக வருவான். ஜெனாட் அவனுக்கு வேலை காட்டிக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் பெயர் அவனுக்குப் போகும். போன வருடம் வந்த றூபனுக்கு நீர்மட்டக் கட்டையில் குமிழி எங்கே நிற்கவேண்டும் என்றே தெரியாது. அவனும் ஃபோமன்! கேட்டால் வயிறு எரியாதா?

இந்த முறை றூபன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸ் முற்றத்து வேலையில் மாட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் கிறிஸ்துநாயகம் ஜெனாட்டைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, யப்பான் ஆக்களின்ர சங்கம் ஒண்டு கேக்குது. பெரிய கொஃபின் ஒண்டு கட்டித் தரட்டாம். மண்ணால.”

“சவப்பெட்டியோ? அதை ஆரண்ணை மண்ணால கட்டுறது?”

“எனக்கென்ன தெரியும்? கொஃபின் கொஃபின் எண்டுதான் சொல்லுகினம். இந்த வேலைக்கு நீதான் ஃபோமன். ஒழுங்காச் செய்தியெண்டால் தொடர்ந்து நீதான். போய்ப் பார்.”

‘தொடர்ந்து நீதான்.’ அந்த இரண்டு சொல்லையும் ஜெனாட் வீடு போகும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் அது கொஃபின் இல்லை, கோஃபுன். சொல்லித் திருத்தியவள் நொரிக்கோ. ஒசாக்காவிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருந்த தொல்லியல்காரி. ஏறக்குறைய ஜெனாட்டின் வயதுதான். ஒரு கண்காட்சிக்காக, பழைய யப்பானிய ராசாக்களைப் புதைத்த மண்மேடு ஒன்றை, இருபதில் ஒரு பங்கு அளவில், அந்தப் புல்வெளியில் கட்டிக் காட்டவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். நொரிக்கோ பேசியது உடைந்த இங்கிலீசு, ஜெனாட் பேசியது நெளிந்த இங்கிலீசு. இரண்டும் எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கை குலுக்கியபோது நொரிக்கோவின் நகக்கண்ணில் மண் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் ஜெனாட்டுக்கு அவளைப் பிடித்தது.

நொரிக்கோ மேசையில் ஒரு படத்தை விரித்தாள். மேலேயிருந்து பார்த்தால் பெரியதொரு சாவித் துவாரம்: பின்பக்கம் வட்டம், முன்பக்கம் சதுரம், சுற்றிவர அகழி, மேலே காடு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி ஏழாம் நூற்றாண்டுவரை இப்படி ஆயிரக்கணக்கில் கட்டினார்களாம். வட்டத்துக்குள்ளே ராசா படுத்திருப்பார். இருப்பவற்றில் பெரியது சக்காய் நகரத்தில், கிட்டத்தட்ட அரைக் கிலோமீற்றர் நீளம்.

“இதைக் கட்ட எவ்வளவு காலம் எடுத்திருக்கும்?” என்று ஜெனாட் கேட்டாள். ராசாவைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றித்தான் அவளுக்குக் கேள்வி வரும்.

“இந்தக் காலத்தவர்கள் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஒருநாளைக்கு இரண்டாயிரம் பேர்வரை. கிட்டத்தட்டப் பதினாறு வருடம்.”

“மெசின்?”

நொரிக்கோ தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

“சீமெந்து?”

நொரிக்கோ சிரித்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

அட கடவுளே! பிக்கறிங்கில் ஜெனாட் சீமெந்து போட்டுக் கட்டிய சுவர் இரண்டு விண்ரரில் வயிறு தள்ளிப் போயிருந்தது. அங்கேயோ சீமெந்தே இல்லாத மண்மேடு, நிலநடுக்கமும் புயலும் பார்த்து, ஆயிரத்தைந்நூறு வருடமாக நிற்கிறது. எப்படி? அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது. நொரிக்கோ சொன்னாள்: ஒரே மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. களிமண் ஒரு படை, மணல்மண் ஒரு படை, ஒவ்வொன்றும் கையளவு தடிப்பு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கி அதற்குமேல் அடுத்தது. பிறகு ஆற்றுக்கல் கொண்டுவந்து சரிவு முழுக்கப் பதிப்பது. மழை கல்லில் விழுந்து ஓடும், மண் தப்பும்.

“இதையெல்லாம் ஆர் கண்டுபிடிச்சது?”

“குலங்கள்,” என்றாள் நொரிக்கோ. “ராசாவைச் சுற்றிப் பல குலங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஆயுதம், ஒன்றுக்கு வழிபாடு, ஒன்றுக்குக் கணக்கு. மேடு கட்டுவதற்கும், மேட்டில் வைக்கிற மண் உருவங்கள் செய்வதற்கும், அடக்கச் சடங்குக்கும் பேர்போன குலம் ஹாஜி.”

“ஹாஜியாரோ!” ஜெனாட் வாயைப் பிளந்தாள். “எங்கட மன்னாரில எத்தினை ஹாஜியார்மார். யப்பானிலயும் மக்காவுக்குப் போனவையோ?”

அதை விளங்கப்படுத்தவும் விளங்கிக்கொள்ளவும் கால் மணித்தியாலம் போயிற்று. மக்காவுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மண்ணை வைத்து வந்த பெயர் அது. ஆனால் ஜெனாட்டுக்கு அன்று முதல் அவர்கள் ஹாஜியார்மார்தான். ஒரு பழங்கதையையும் நொரிக்கோ சொன்னாள். முந்தி ராசா செத்தால் கூட இருந்த வேலைக்காரரையும் உயிரோடு புதைப்பார்களாம். அந்தக் குலத்தின் மூதாதை ஒருவர்தான், ‘மனிசரைப் புதைக்கவேண்டாம், நான் களிமண்ணில் மனிசர் செய்து தருகிறேன்’ என்று சொல்லி அத்தனை பேரையும் காப்பாற்றினாராம். “இது கதைதான். நிலத்தைத் தோண்டிப் பார்த்தால் இதற்குச் சாட்சி கிடைக்கவில்லை,” என்றும் நேர்மையாகச் சொன்னாள்.

“கதையெண்டாலும் நல்ல மனிசன்,” என்றாள் ஜெனாட்.

மூன்று கிழமையில் மேடு எழும்பியது. இருபத்துநாலு மீற்றர் நீளம். ஆறு பேர் வேலை. படை படையாக மண், படை படையாக இடி. ஜெனாட் பத்தொன்பது வருடத்தில் இப்படி ஆசைப்பட்டு ஒரு வேலை செய்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட மேட்டின் உச்சியில் இருந்துதான் சாப்பிட்டாள். சரிவைக் கீழிருந்து மேலாகப் பதினாலு நீட்டுக் கோடாகப் பிரித்து, கோட்டுக்குக் கோடு பெரிய கற்களை நிரையாக நட்டு, இடையில் சின்னக் கல்லால் நிரப்பவேண்டும் என்று நொரிக்கோ வரைந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நாலு நாள் ஒட்டாவாவுக்குப் போனாள். அந்த நாலு நாளில்தான் பிழை நடந்தது.

கனடாவில் தோட்டக் கல் எப்படிப் போடுவார்கள்? தட்டைப் பக்கம் மேலே தெரிய, வடிவாகப் படுக்கவைத்து. ஜெனாட்டின் கை பத்தொன்பது வருடமாகப் பழகியது அது. அப்படியே ஆறு பேரையும் போடச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை நொரிக்கோ திரும்பி வந்து, சரிவில் ஒரு கல்லைப் பெருவிரலால் தள்ளினாள். கல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. அதற்குப் பின்னால் இன்னும் எட்டுக் கல் போயின.

நொரிக்கோ ஒரு நீட்டுக்கல்லை எடுத்து, நீளப் பக்கத்தை மண்ணுக்குள் செருகி, தலை மட்டும் வெளியே தெரியக் குத்தினாள். ஈறுக்குள் பல் நிற்பதுபோல நின்றது.

“வால் உள்ளே, தலை வெளியே,” என்றாள்.

ஜெனாட்டுக்கு முகம் செத்துப்போயிற்று. “எல்லாத்தையும் கழட்டுங்கோ,” என்று ஆட்களுக்குச் சொன்னாள். கல்லைப் படுக்கவைக்கச் சொன்னது அவள் வாய்தான்; வேறு யாரையும் அவள் குற்றம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கிறிஸ்துநாயகம் வந்து வெறும் மேட்டைப் பார்த்தார். அவர் கெட்ட மனிசன் இல்லை. ஆனால் அவசரத்தில் பிறந்தவர்.

“நாலு நாள் போட்ட கல்லைக் கழட்டிப்போட்டியோ? உனக்கென்ன விசரோ? ஞாயிறு திறப்புவிழா. சனி இராத்திரி பெருமழை எண்டு சொல்லுறாங்கள். கல்லில்லாட்டி மேடு முழுக்கக் கரைஞ்சு கென்னடி றோட்டுக்குப் போயிடும்!”

“சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள முடிச்சுத் தாறன், அண்ணை.”

“ஆறு பேரோடயோ? விளையாடுறியோ? இஞ்ச பார். சனிக்கிழமை நாலு மணிக்கு நான் கொங்கிறீற் லொறியோட வருவன். சரிவு முழுக்கக் கல்லு இருந்தால் லொறி திரும்பிப் போகும். ஒரு துண்டு வெறுமையாக் கிடந்தாலும் கொங்கிறீற்றை ஊத்தி, அதுக்கு மேல கல்லை எறிஞ்சு விடுவம். திங்கட்கிழமையிலயிருந்து றூபன் ஃபோமன்.”

கொங்கிறீற் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற நொரிக்கோவின் முகம் வெளுத்தது. தமிழ் தெரியாவிட்டால் என்ன, அந்தச் சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கையால் பதித்த கல்லைக் காட்டத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

அன்று பின்னேரம் கம்பனி வான் வண்டியில் வீடிருக்கும் வோபர்னுக்குத் திரும்பும்போது ஜெனாட் தன் தொலைபேசியில் குரல் பதிவு ஒன்றை வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் மரியம்மா. ஆறு பேரில் மூத்தவள், ஐம்பத்தெட்டு வயது, வாயும் கையும் ஒரே வேகம்.

“எல்லாருக்கும் வணக்கம். ஜெனாட் கதைக்கிறன். சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு டோர்செட் பார்க்கில கல்லுப் பதிக்க ஆக்கள் வேணும். மேடு கட்டி முடிஞ்சுது, கல்லுதான் மிச்சம். மொத்தம் பதினாலு பங்கு. ஒரு பங்குக்கு நாலு பேர் வந்தாக் காணும். நாலு மணிக்கு முதல் முடிக்கோணும். தயவுசெய்து கைவிட்டிடாதேங்கோ.”

“எனக்கு அனுப்பு. தெரிஞ்ச ஆக்களுக்கு நான் போடுறன்,” என்றாள் மரியம்மா.

இப்போது கேளுங்கள். இதே பதிவு ஒரு சைவக்காரரின் காதில் விழுந்திருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. பதினாலு பங்கு, அதாவது பதினாலு கூறு, கூறுக்கு நாலு பேர். முடிந்தது அலுவல். ஆனால் மரியம்மாவுக்குத் தெரிந்த ஆட்கள் யார்? அவள் தொலைபேசி முழுக்கக் கோயில் குழுக்கள். பேசாலை, குருநகர், பாஷையூர், நெடுந்தீவு, ஊர்காவற்றுறை என்று ஊர்ப் பங்கு ஒவ்வொன்றுக்கும் ரொறொன்ரோவில் ஒரு வட்ஸ்அப் குழு, எல்லாவற்றிலும் மரியம்மா. கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் என்ன? பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குத் திருநாள். பதினாலு பங்கு என்றால் பதினாலு ஊர்க் கோயில்! மேடு, கல், பதினாலு பங்கு. இதற்கு வேறென்ன அர்த்தம்? மாதாவுக்குக் கல்லடுக்கிக் குகைபோலக் கெபி கட்டுகிறார்கள்!

‘குருநகரார் போகினமாம், நாங்கள் போகாட்டி என்ன மரியாதை?’ என்று பாஷையூர்க் குழுவில் ஒருவர் எழுதினார். அதோடு தீ பற்றிக்கொண்டது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஜெனாட், ஐம்பதுக்கு மேல் கேட்டிருந்தாலும் நாலைந்து பேர் வந்தாலே பெரிது என்று நின்றாள். முதலில் இரண்டு வான் வந்தது. பிறகு நாலு கார். பிறகு வாகனம் நிறுத்த இடமில்லாமல் றோட்டோரம் நீளத்துக்கு நிறுத்தினார்கள். அறுபதுக்கு மேல் சனம். பாணும் சம்பலும் ஒரு பக்கம், றோல்ஸ் பெட்டி ஒரு பக்கம், பெரிய தேத்தண்ணிக் கிடாரம் ஒரு பக்கம். கடைசியாக ஒரு பழைய கார் மெல்ல ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்தவர் அலெக்ஸாண்டர் அங்கிள், ஊரில் நெடுந்தீவுக் கோயிலின் மூப்பராக இருந்தவர். முன் சீற்றில் வெள்ளைத் துணி போர்த்து, சீற் பெல்ற் போட்டபடி, மாதாவின் சுருவச் சிலை.

“கெபி எங்க, பிள்ளை? மாதாவை எந்தப் பக்கம் வைக்கிறது?”

ஜெனாட்டுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மரியம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து காதுக்குள் சொன்னாள்:

“ஒண்டும் சொல்லாத. கல்லு முடியட்டும். பிறகு நான் சமாளிக்கிறன்.”

என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு மணிக்குள் வேலை முடியும். மேடு தப்பும். திங்கட்கிழமையும் அவள்தான் ஃபோமன். உண்மையைச் சொன்னால் அறுபது பேரும் றோல்ஸையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஜெனாட் சத்தியமாக ஆசைப்பட்டாள், பேசாமல் இருப்போம் என்று. ஆனால் கார்க் கண்ணாடிக்குள்ளால் சீற் பெல்ற்றோடு மாதா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் பொய் சொல்வது?

“எல்லாரும் என்னை மன்னிக்கோணும்,” என்று உரத்துச் சொன்னாள். “இது கெபி இல்லை. நான் சொன்ன பங்கு, கோயில் பங்கு இல்லை. இந்தச் சரிவைப் பதினாலு கூறாப் பிரிச்சிருக்கிறம், அதைத்தான் பங்கெண்டு சொன்னனான். இது யப்பான் ராசாமாரைப் புதைக்கிற மேடு. கண்காட்சிக்குக் கட்டுறம்.”

சனத்துக்குள் ஒரே இரைச்சல்.

“சவக்காலையோ! சவக்காலை வேலைக்கோ எங்களை லீவு நாளில எழுப்பினது?”

“மாதாவை உதுக்குள்ளயோ கொண்டந்தனாங்கள்!”

ஒரு வான் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நொரிக்கோ ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டாள். ஜெனாட் தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீசில் சொன்னாள்: தமிழில் பங்கு என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம், ஒன்று கூறு, மற்றது கோயில். நொரிக்கோ இரண்டுதரம் திருப்பிக் கேட்டாள். பிறகு தன் கொட்டகைக்குள் போய், கதவளவு பெரிய படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சனத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

“நான் சொல்வதை நீ தமிழில் சொல்,” என்றாள்.

படத்தில் உண்மையான மேடு ஒன்றின் சரிவு. மண்ணைச் சுரண்டிக் கல்லை வெளியே எடுத்திருந்தார்கள். கீழேயிருந்து மேலே பெரிய கல் நிரை, நிரைக்கிடையில் சின்னக் கல்.

“இதைச் சுரண்டி எடுக்க எனக்கு மூன்று வருடம் போனது. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு கூட்டத்தின் வேலை. ஒவ்வொரு ஊராக, குலமாக வந்து தங்கள் தங்கள் பங்கைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். இந்தக் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் தேடி எடுத்தது. ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்துக் கோட்டைப் பாருங்கள்.”

பார்த்தார்கள். பக்கத்துக் கோட்டில் கல் ஏனோதானோவென்று கிடந்தது. பாதி சரிந்து போயிருந்தது.

“உவை ஆர்?” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

ஜெனாட் மொழிபெயர்த்தாள். நொரிக்கோவின் பதிலையும் மொழிபெயர்த்தாள். “பேர் தெரியாதாம். உள்ளுக்க படுத்திருக்கிற ராசாவின்ர பேரே நிச்சயமாத் தெரியாதாம். ஆனால் ஆர் மனம் வைச்சுப் போட்டது, ஆர் ஏமாத்தினது எண்டது மட்டும் ஆயிரத்தைந்நூறு வரியமா அப்பிடியே கிடக்காம்.”

கூட்டம் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போகத் தொடங்கிய வானின் கதவு மெல்லத் திறந்தது.

அலெக்ஸாண்டர் அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேட்டைச் சுற்றி ஒருதரம் நடந்தார். நொரிக்கோ மாதிரிக்குப் பதித்துவைத்த கல்லைக் குனிந்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“இதுக்குள்ள இப்ப ஆர் கிடக்கினம்?”

“ஒருத்தருமில்லை, அங்கிள். வெறும் மண்.”

“வெறுங் கல்லறையோ?” அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “வெறுங் கல்லறைக்கு முன்னால நிண்டுதானே எங்கட விசுவாசமே தொடங்கினது! அதுக்குப் பயந்து ஓடுறியளோ? மரிச்சவையை அடக்கம் பண்ணுறது இரக்கச் செயல் எண்டு ஞானப்பாடத்தில படிச்சதுகள் எல்லாம் எங்க போட்டுது? நெடுந்தீவுப் பங்கு முதலாம் கோடு. வாங்கோடா!”

“அப்ப ரெண்டாம் கோடு குருநகர்!” என்றது ஒரு குரல்.

“ஆர் சொன்னது? நாங்கள் முதலே வந்தனாங்கள்!” என்றது பாஷையூர்.

மாதா காரிலேயே இருந்தார். வெக்கையாக இருக்கும் என்று யாரோ கண்ணாடியை இறக்கிவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் அதுதான் வேலை. பொறியியலாளர் ஒருவர், தாதி ஒருத்தி, பஸ் ஓட்டுகிறவர், வங்கியில் இருக்கிறவள், எல்லோரும் முழங்காலில். ஜெனாட்டின் ஆட்கள் கல்லை இயந்திரத்தில் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கைக்குக் கை மாறி மேலே போனது. நெடுந்தீவாருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. சாந்தில்லாமல் கல்லடுக்கி வேலி கட்டுகிற தீவு அது. வால் உள்ளே தலை வெளியே என்று நொரிக்கோ சொல்லி முடிக்கமுதல் அவர்கள் இரண்டு முழம் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கோட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்த்துத் தங்கள் கல்லைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். நொரிக்கோ கோட்டுக்குக் கோடு ஓடிப் படம் எடுத்தாள். ஒரு இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபது வருடமாகக் கல்லைத்தான் பார்த்தேன்,” என்று ஜெனாட்டிடம் சொன்னாள். “போட்ட ஆட்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

ஜெனாட்டும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அந்த ஹாஜியார்மாரை நினைத்தாள். அறுபது பேரைக் கட்டி மேய்க்கவே அவளுக்கு நாக்குத் தள்ளியது. இரண்டாயிரம் பேர், பதினாறு வருடம், இத்தனை ஊர்ச் சண்டை, இத்தனை வீம்பு; எல்லாவற்றையும் ஒரு சரிவில் ஒழுங்காகப் பதித்து முடித்தார்களே, எப்பேர்ப்பட்ட ஃபோமன்மார்! ராசாக்களில் வராத மரியாதை அவர்களில் வந்தது. மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

இரண்டரை மணிக்குப் பதின்மூன்று கோடும் முடிந்தது. சனம் கையைக் கழுவிவிட்டு றோல்ஸ் சாப்பிட இருந்தது. அப்போதுதான் ஜெனாட் எண்ணிப் பார்த்தாள். வந்தது பதின்மூன்று பங்கு. பதினாலாம் கோடு மொட்டையாகக் கிடந்தது.

“கொஞ்சம் கை குடுங்கோ, எல்லாரும் சேந்தால் அரை மணித்தியாலம்,” என்று கெஞ்சினாள்.

ஒருவரும் அசையவில்லை. மனமில்லாமல் அல்ல. “மற்றப் பங்கின்ர கோட்டில நாங்கள் கை வைக்கிறதோ? நாளைக்குக் கதை வரும்,” என்றார்கள். காலையிலிருந்து அவர்களை ஓடவைத்த அதே வீம்பு இப்போது கல்லாக நின்றது. அலெக்ஸாண்டர் அங்கிள்கூட, “முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே, பிள்ளை,” என்றார்.

ஜெனாட் வாதாடவில்லை. முழங்காலில் இருந்து தானே போடத் தொடங்கினாள். ஒரு பக்கம் நொரிக்கோ, ஒரு பக்கம் மரியம்மா. மிச்ச ஐந்து பேரும் குவியலிலிருந்து நீட்டுக்கல் பொறுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் எவ்வளவுதான் போடுவார்கள்? நாலு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கையில் மூன்றில் ஒரு துண்டுதான் முடிந்திருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொங்கிறீற் லொறி வயிற்றை உருட்டிக்கொண்டு வளைவில் திரும்பியது. அதற்கு முன்னால் கிறிஸ்துநாயகத்தின் கார்.

அவர் இறங்கி வந்தார். பதின்மூன்று கோட்டையும் பார்த்து ஒருகணம் திகைத்துத்தான் போனார். பதினாலாவதில் கண் நின்றது.

“நல்லாத்தான் செய்திருக்கிறியள். ஆனால் நான் என்ன சொன்னனான், ஜெனாட்? ஒரு துண்டு வெறுமையாக் கிடந்தாலும் எண்டு சொன்னனானோ இல்லையோ? இராத்திரி மழை உந்தத் துண்டால இறங்கினால் எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.” லொறிக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

ஜெனாட் எழும்பவில்லை. கையில் இருந்த கல்லைக் குத்தி இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“உது ஆற்ற பங்கெண்டு கேக்கமாட்டியளோ, அண்ணை?”

“ஆற்ற பங்கு?”

“உங்கட பங்கு.”

“என்ர பங்கோ? கல்லுப் போடுறது என்ர வேலையோ?”

மரியம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு எழும்பினாள். “கூறைச் சொல்லேல்ல, தம்பி. கோயிலைச் சொல்லுறாள். புளியடிமுனை. பதின்மூண்டு ஊரும் வந்திட்டுது. உங்கட ஊரிலயிருந்து ஒரு குஞ்சு குருமான் வரேல்ல.”

அறுபது பேரும் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். நெடுந்தீவு பார்த்தது. குருநகர் பார்த்தது. பாஷையூர் பக்கத்தில் ஒருவர் தொலைபேசியைத் தூக்கி, அந்த மொட்டைக் கோட்டை வடிவாக ஒரு படம் எடுத்தார்.

“ஆயிரத்தைந்நூறு வரியத்துக்குத் தெரியுமாம்,” என்றார் அலெக்ஸாண்டர் அங்கிள், ஒருவரையும் பார்க்காமல்.

கிறிஸ்துநாயகத்தின் காது சிவந்தது. நேரே லொறிக்குப் போனார். லொறிக்காரன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், இவரும் ஆட்டி ஆட்டிப் பேசினார். லொறி பின்னால் எடுத்துத் திரும்பிப் போனது. பிறகு யாருக்கோ தொலைபேசி எடுத்து, “மச்சான், என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டிட்டு வா. எல்லாரையும் ஏத்திக்கொண்டு வா. மானம் போகுது!” என்று கத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார். தேய்த்த காற்சட்டையோடு பதினாலாம் கோட்டில் முழங்காலில் இருந்தார். ஒரு கல்லை எடுத்து, தட்டைப் பக்கம் மேலே தெரிய, வடிவாகப் படுக்கவைத்தார்.

ஜெனாட் அதைப் பெருவிரலால் தள்ளினாள். கல் வழுக்கிக்கொண்டு கீழே போனது.

“உது பிழை, அண்ணை. திருப்பிப் போடுங்கோ. வால் உள்ளுக்கு, தலை வெளியில.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் வருமா வராதா என்று மரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கீழே இறங்கி, அதே கல்லை எடுத்துக்கொண்டு ஏறி வந்து, நீட்டுப் பக்கத்தை மண்ணுக்குள் செருகி, உள்ளங்கையால் இரண்டு குத்துக் குத்தினார்.

“இப்ப சரியோ, ஃபோமன்?”

ஜெனாட் கல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“ஓம்,” என்றாள். “அடுத்த கல்லை எடுங்கோ.”